தே புவேயா அம்மையார்

பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காக்கும் உரிமை சர்க்காருக்கா, அக்குழந்தைகளின் சொந்த ஜனங்களுக்கா என்னும் கேள்வி, அந்நிய ஆட்சியிற் பட்ட தேசங்களிலெல்லாம் எழுவது இயல்பே. நியூஜீலந்தின் பூர்வகுடிகளான மாவோரி ஜனங்களிடையே அதற்குத் தமது காரியத்தால் விடையளித்தவர் தே புவேயா ஹேராங்கி என்னும் ஸ்திரீ.

அவர் 1883-ம் வருஷம் வைக்காட்டோ பிரதேசத்தில், மாவோரி அரசர் தாவியாவோவின் மகள் வயிற்றிற் பிறந்தார். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன், 1863-ல், பிரிட்டிஷ் துருப்புகள் அப்பிரதேசத்துட் புகுந்தன. யுத்தத்தின் விளைவாக வைக்காட்டோ ஜனங்களின் நிலத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிமுதலாயிற்று. நிலம் போன வீட்டில் வறுமை குடிபுகுந்தது. அதன் பின்னே நோயும் வந்தது.

இளமையில் அம்மையார் மனம்போன போக்கில் வாழ்ந்தவர்தாம், அதனை மறைப்பானேன்? 1911-க்குப் பிறகே அவர் பொதுக்காரியத்தில் முழுதும் இறங்கினார். 1913-ல் வைசூரி பரவியபோது, வெள்ளையர் ஆஸ்பத்திரிகளுக்குப் போக அஞ்சிய தம்மவருக்காகப் பனையோலைக் குடிசைகள் அமைத்துத் தாமே சிகிச்சை செய்தார். ஐரோப்பிய யுத்தத்தின்போது சர்க்கார் மாவோரிகளிடையே கட்டாயப் பட்டாளச் சேர்ப்பை வைக்காட்டோ, மனியாபோட்டோ பிரதேசத்தாரின்மீது மட்டுமே பிரயோகித்தது. நிலத்தைப் பறித்தவருக்காக உயிரையும் கொடுப்பதெங்ஙனம்? அம்மையார் மறுத்த வாலிபர்களுக்கு அபயமளித்தார். 1918-ல் போலீஸார் அவர்களைக் கைதுசெய்து கொண்டுபோயினர்.

அவ்வருஷத்தின் இறுதியிலேயே இன்புளுவென்சா ஜ்வரம் வந்தது. மங்காதாவிரி என்னும் அவருடைய குடியிருப்பில் நாலிலொரு பங்கு ஜனங்கள் மாண்டனர். சுமார் 100 குழந்தைகள் அநாதைகளாயினர். அவர்களை அம்மையாரே ஏற்றுக்கொண்டார். சொந்த வயிற்றில் பிள்ளை பெறாதவர் அவர்.

உற்றார் பிள்ளையை எடுத்து வளர்ப்பது மாவோரிகளின் தொன்றுதொட்ட வழக்கம். பெற்றோர் இன்னாரென்பதைப் பிள்ளைக்கு ஒளிப்பதில்லை, குலத்தொடர்பும் அறுவதில்லை. ஆனால் 1909-ம் வருஷத்து நிலச்சட்டமோ, இவ்வழக்கப்படி இனிச் செய்யும் சுவீகாரம் செல்லாதென விதித்திருந்தது. சட்டம் ஏற்காத அவ்வழக்கத்தையே நம்பி அம்மையார் ஓர் ஊரை எழுப்பத் துணிந்தார்.

நாருவாவாஹியா நகருக்கு எதிர்க்கரையில் 10 ஏக்கர் வாங்கி, 1921-ல் அநாதைகளுடன் அங்குக் குடியேறினார். புதர் மண்டிய சதுப்புநிலம் அது. நகரத்து வெள்ளையருக்கு இவ்வரவு பிடிக்கவில்லை. கையில் பணமோ கிடையாது. பாட்டும் கூத்தும் பயின்ற ஒரு கோஷ்டியை 1922-ல் அமைத்து, ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். அங்ஙனம் எழுந்ததே காலூன்றும் இடமெனப் பொருள்படும் துராங்காவாவே. அங்கே 1929-ல் திறக்கப்பெற்ற மகினாராங்கி மாளிகை, தம் ஜனங்களுக்கே உரிய ஆஸ்பத்திரியாக அமையவேண்டுமென்பது அவர் முதலிற் கொண்ட எண்ணம். அஃது ஈடேறாமையால் விருந்தினர் மண்டபமாயிற்று. பத்திரிகைகள் அவரை இளவரசி என்றெழுதின; அப்பட்டத்தை அவர் விரும்பினாரல்லர்.

பறிபோன நிலத்துக்காக 1946-ல் வருஷந்தோறும் 6,000 பவுன் நஷ்டஈடு ஏற்பாடாயிற்று. 12 லட்சம் ஏக்கருக்கு இஃது எம்மட்டு? ஆயினும் அம்மையார் அதனை ஒப்பினார். 1952-ல் துராங்காவாவேயிலேயே காலஞ்சென்றார்.

அதன் பின்னர் பல்லாண்டுகள் மாவோரிக் குழந்தைகள் பலர் சர்க்கார் விடுதிகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். குழந்தையைப்பற்றிய முடிவில் உற்றார் கூடிப் பேசும் சபைக்கு 1989-ம் வருஷத்துச் சட்டம் இடமளித்தது. எனினும் குழந்தையை அகற்றும் அதிகாரத்தைச் சர்க்கார் விட்டுக்கொடுக்கவில்லை.