பெயர்ப் பட்டியலைக் காத்தவர்

பல சர்வர்களை ஒன்றாக இணைக்கும்போது, எல்லாவற்றின் பெயரையும் ஐபி எண்ணையும் ஒவ்வொன்றிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எழுதுகிறோம். எண் மாறியதை ஒரு கோப்பில் திருத்தத் தவறினாலும் அந்தச் சர்வர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டும் 1970களில் இப்படி ஒரே பட்டியலை நம்பியே இயங்கியது.

1943இல் கலிபோர்னியாவில் பிறந்த ஜான் போஸ்டல், அங்கே எண்களைப் பதிந்து வைக்கும் பொறுப்பை மாணவராக இருந்தபோதே ஏற்றவர். கணினிகள் பெருகி, பட்டியல் கட்டுக்கடங்காமல் போனதும், புதிய வழி காணும் வேலையைப் பால் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். 1983இல் டிஎன்எஸ் பிறந்தது. அவரவர் பெயர்களை அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்றானது.

எது நாடு, எது நாடல்ல என்று தீர்ப்புச் சொல்ல போஸ்டல் விரும்பவில்லை. ஐஎஸ்ஓ 3166 பட்டியலின் ஈரெழுத்துக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டார். நம் ‘டாட் எம்ஒய்’ 1987இல் வந்தது அப்படித்தான்.

1998 ஜனவரியில், மூல சர்வர்களை நடத்தியவர்களில் எட்டுப் பேரிடம், இனித் தம் தரப்புக் கணினியிலிருந்து பட்டியலைப் பெறும்படி மின்னஞ்சலில் கேட்டார். அவர்களும் மாற்றினார்கள். அமெரிக்க அரசு அதிர்ந்துபோய்ப் பழையபடி மாற்ற வைத்தது. வெறும் சோதனை என்றார் போஸ்டல்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் தேதி, 55 வயதில் காலமானார். அவர் பார்த்துவந்த பொறுப்பு ஐகேன் அமைப்பிடம் சென்றது.