கிரிஸ்டல் ஈஸ்ட்மன் அம்மையார்

யந்திரத்தில் கையிழந்த தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டுமென்பது இன்று ஒருவரும் மறுக்கத் துணியாத விஷயம். அமெரிக்காவிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இது சட்டமாகவில்லை. அந்நாட்டில் இத்தகைய சட்டம் பெரும்பாலும் அந்தந்த ராஜ்யத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், போராட்டமும் ராஜ்யம் ராஜ்யமாகவே நடக்கலாயிற்று. நியூயார்க் ராஜ்யத்தில் அதற்கு அஸ்திவாரமிட்டவர்களுள் முதன்மையானவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் அம்மையார். பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தவரென்றே பலரும் அவரை அறிவர். நாம் சொல்லப்புகுவது அதற்கு முந்திய கதை.

அம்மையார் 1881ம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் பிறந்தவர். தந்தையாரும் தாயாரும் இருவருமே கிறிஸ்தவப் போதகர்கள். கொலம்பியா சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரம் பயின்று, 1907ல் நியூயார்க்கில் சட்டப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே, தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்த ஒரு குழுவினருடன் உருக்கு ஆலைகள் நிறைந்த பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

அங்கே அவர் செய்த வேலை, இறந்தவர்களை எண்ணியது. 1906 ஜூலை முதல் 1907 ஜூன் முடிய ஒரே ஆண்டில், அந்த ஒரே ஜில்லாவில், வேலை செய்கையில் மாண்டவர் 526 பேர். அவர்களில் 195 பேர் உருக்குத் தொழிலாளர். 125 பேர் ரயில்வே ஊழியர். 71 பேர் சுரங்கத்தில் உழைத்தவர். எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு மரணமும் எவ்வாறு நேர்ந்தது, வீட்டிலிருப்போர் பிறகு எவ்வாறு பிழைக்கின்றனர் என்று விசாரித்தறிந்தார். கணவனை இழந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதலாளியிடமிருந்து பெற்றது நூறு டாலர் அல்லது அதற்கும் குறைவு. பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. விபத்துக்களெல்லாம் தொழிலாளியின் அஜாக்கிரதையால் வருவனவே என்ற பேச்சு பொய்யென்பதும் அவர் கணக்கால் வெளியாயிற்று.

வழக்குத் தொடரலாகாதோ என்று நேயர்கள் வினவலாம். தொடரலாம்; ஜயிப்பதுதான் அரிது. உடனுழைத்தவன் பிழையால் விபத்து நேர்ந்திருந்தால் முதலாளி பொறுப்பாளியல்லன். ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றிருந்தால் பொறுப்பாளியல்லன். காயமுற்றவனிடம் எள்ளளவு கவனக்குறைவு இருந்தாலும் பொறுப்பாளியல்லன். இம்மூன்று கதவுகளையும் அடைத்தவர்கள் நியாயாதிபதிகள். அவற்றுக்குக் காவல் நின்றவர்கள் நம் தொழிலைச் சேர்ந்த வக்கீல்கள். இதை எழுதுகையில் நாம் சிறிது நாணவே செய்கிறோம்.

1909ல் நியூயார்க் கவர்னர் ஹ்யூஸ் இதை ஆராய ஒரு கமிஷன் நியமித்தார். அதிலிருந்த ஒரே பெண் அம்மையார், காரியதரிசியும் அவரே. அதன் பயனாக 1910ல், ஆபத்தான சில தொழில்களில், யார் குற்றமென்று கேளாமலே நஷ்டஈடு தர வேண்டுமென்று சட்டம் பிறந்தது. 1911 மார்ச் 24ல் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிஸ்தலம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. குற்றமில்லாத முதலாளியின் சொத்தைப் பறிப்பது முறையன்றாம்! மறுநாளே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் தையற்சாலை தீப்பற்றியது. கதவு பூட்டியிருக்க, 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். சொந்தக்காரர்கள் மீது நடந்த கிரிமினல் வழக்கில் அவர்கள் விடுதலையாயினர். 1914ல் சிவில் வழக்குகள் ராஜியானபோது உயிர் ஒன்றுக்குக் கிடைத்தது 75 டாலர்.

கோபங்கொண்ட ஜனங்கள் 1913ல் தங்கள் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்தையே திருத்தினர். 1914ல் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. 1917ல் வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. நிச்சயமான சிறு தொகைக்கு ஈடாக, பெருந்தொகை கோரி வழக்காடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்க நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. அம்மையாருக்கு நஷ்டஈடு ஒன்றே இலட்சியமாக இருந்ததுமில்லை. ஒவ்வொரு விபத்தும் முதலாளிக்குச் செலவு வைத்தால்தான் யந்திரத்துக்கு வேலி போடுவான் என்பதே அவர் கணக்கு. தீ விபத்துக்குப் பின், கருகிய உடல்களின் முன்னே நிவாரண நிதியைப் பற்றிப் பேசுவதே அவருக்குக் கசந்தது.

பின்னர் அவர் யுத்த எதிர்ப்பிலும் பெண்ணுரிமையிலும் இறங்கினார். சிறுநீரக நோயால் 1928 ஜூலையில் காலமானபோது, நாற்பத்தேழு பிராயமே ஆகியிருந்தது. அந்நாட்டு ராஜ்யங்களில் கடைசியாக மிஸிஸிப்பி இத்தகைய சட்டத்தை ஏற்றது 1948ல்.