மலையைப் பாடிய அமெரிக்கர்

கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றால், வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும். 1936-ல் அந்தக் கோயிலைக் கட்டியவர் மேல்நாட்டில் பிறந்த லீலாவதி இராமநாதன் அம்மையார்.

அதே 1936-ல், அமெரிக்காவில் 25 வயது வாலிபர் ஒருவர் உதயசங்கரின் நடனம் பார்க்கப் போனார். அங்கே கேட்ட இந்திய இசை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

அவருக்கும் மலை என்றால் உயிர். மண்ணும் விண்ணும் கூடும் இடம் அது என்று நினைத்தவர். பெயர் ஆலன் ஹோவானஸ். 1911 மார்ச் 8-ந் தேதி பாஸ்டன் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஆர்மீனியர், ரசாயன ஆசிரியர். தாய் ஸ்காட்லாந்து வம்சம்.

நெருப்பில் போட்டார்

1942-ல் புகழ்பெற்ற இசைப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனார். அங்கே அவருடைய முதல் சிம்பொனியின் இசைத்தட்டை வைத்தார்கள். பெரிய வித்துவான்கள் அதைக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசினார். ஹோவானஸ் பாதியிலேயே வெளியேறினார்.

அந்தக் காலங்களில் தாம் எழுதிய நூற்றுக்கணக்கான இசைகளைத் தாமே தீயிட்டுக் கொளுத்தினார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது போலத்தான்!

ஆர்மீனிய மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துவந்த அவர், மூதாதையரின் பழம்பாட்டுகளில் மூழ்கினார். 1945-ல் இரண்டு பியானோக்களுக்கென்று 'மிர்' என்ற இசையை எழுதினார். மிர் என்பது ஆர்மீனியரின் பழைய அக்கினி தேவன். நம் சுரமண்டலம் போன்ற ஆர்மீனிய வாத்தியங்களைப் பலர் கூடி மீட்டுவது போன்ற ஓசையை, இரண்டே பியானோக்களில் கொண்டுவந்தார்.

இருபது ஆண்டு கழித்து, சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது அமெரிக்காவில் புது நாகரிகமாயிற்று. 1967-ல் ஸ்டீவ் ரைக் இரண்டு பியானோக்களில் ஒரே கோவையைத் தொடங்கிவைத்து, ஒன்றை மட்டும் மெல்ல முந்தவிட்டார். உலகம் வியந்தது. ஹோவானஸ் அந்தப் பக்கம் முன்பே நடந்தவர் என்பதைச் சிலரே நினைத்தார்கள்.

சென்னையில்

1959-ல் உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்னைக்கு வந்தார். கர்நாடக சங்கீதம் படித்தார். 300-க்கு மேற்பட்ட ராகங்களைக் குறித்துக்கொண்டார். மியூசிக் அகாடமி விழாவில் பங்குகொள்ள அழைத்தார்கள். 1960-ல் சென்னை ரேடியோ நிலைய வாத்தியக் கோஷ்டிக்காக 'நாகூரன்' என்ற இசையை எழுதினார். சொந்த நாட்டில் ஏளனம் செய்யப்பட்டவருக்கு இங்கே கிடைத்த மரியாதை அது.

பழனி சன்னிதியில் நாதசுரக்காரர் ஒரு சுரத்தை அசைத்து அசைத்து ஊதுகிறார் அல்லவா? அதுதான் கமகம். பியானோவில் அது முடியாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே உள்ள சுரம் அதில் இல்லை.

1974-ல் ஹோவானஸ் இரண்டு பியானோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் சுருதியை மற்றதிலிருந்து கால் சுரம் விலக்கினார். ஒன்றில் இல்லாத சுரம் மற்றதில் ஒலித்தது! மலைகளை ஆசீர்வதிக்கும்படி ஆண்டவனை வேண்டுவதாக அதற்குப் பெயர் வைத்தார்.

மலைகளுக்காகவே சியாட்டில் பக்கம் குடிபோனார். 1980-ல் அங்கே செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. இவர் அதையும் விடவில்லை. அதுவே அவருடைய 50-வது சிம்பொனி ஆயிற்று. மொத்தம் 67 எழுதினார். 2000 ஜூன் 21-ந் தேதி, 89-வது வயதில் சியாட்டிலில் காலமானார்.