அண்ணன் வில்லியம்

யுரேனஸ் கோளைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கு நாம் காணவிருப்பவர், கரோலினுக்கு அண்ணனாக வாழ்ந்த வில்லியம்.

அவர் 1738ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தார். போர் மூண்டதால் 1757இல் இங்கிலாந்தில் குடியேறினார். இசை கற்பித்துப் பொருளீட்டினார். பிறமொழி பேசும் மண்ணில் வாழும் நமக்கு அவர் நிலை எளிதில் விளங்கும்.

ஊரில் தங்கை கரோலின், சிறுவயதில் கண்ட காய்ச்சலால் வளர்ச்சி குன்றியவர். அன்னை அவரை வீட்டு வேலைக்கென்றே வைத்திருந்தார். 1772இல் வில்லியம் ஊருக்குச் சென்றார். அன்னையோடு அவர் வாதிடவில்லை. பணிப்பெண் ஒருத்தியை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தர இசைந்து, தங்கையைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். ஆங்கிலமும் கணக்கும் இசையும் தாமே கற்பித்தார்.

பகலெல்லாம் இசை வகுப்பு, இரவெல்லாம் விண்மீன்கள் என உழைத்தார். தொலைநோக்கிக்கான உலோக ஆடியைத் தேய்க்கும்போது, ஒருமுறை பதினாறு மணி நேரம் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. தங்கைதான் உணவை ஊட்டினார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் அவர் கண்ணில் பட்டது.

புகழ் வந்தபின்னும் தங்கையை அவர் மறக்கவில்லை. கரோலினுக்கெனச் சிறு தொலைநோக்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1786 ஆகஸ்டு 1 அன்று அதன்வழியே கரோலின் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அன்றிரவு அண்ணன் வீட்டில் இல்லை, ஜெர்மனிக்குச் சென்றிருந்தார்.