கிருபா சதன் அமைத்த பண்டிதை

இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்தவர்களுள் பண்டிதை ரமாபாய்க்குத் தனியிடம் உண்டு. எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரிலே எழுத அவரைத் தெரிந்தெடுத்ததற்கு அது மட்டும் காரணமல்ல. வாழ்நாள் முழுவதும் ஓயாமல் நற்பணி செய்த அவர், கடவுளின் தயவை எந்த நற்பணியாலும் சம்பாதிக்க முடியாது என்பதை முப்பது வயது கடந்த பின்னரே உணர்ந்தார். அவரது மிகப் பெரிய பணிகள் அந்த உணர்வுக்குப் பின்னரே தொடங்கின.

1858 ஏப்ரல் 23ஆம் திகதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடொன்றிலே ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய வடமொழி அறிஞர். ஊரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனைவி லட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தவர். தாயின் வாயிலிருந்தே ரமாபாய் ஆயிரக்கணக்கான சுலோகங்களை மனனஞ் செய்தார். குடும்பம் தலந்தலமாகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. தீர்த்தமாடுவதும் விரதமிருப்பதும் தானஞ் செய்வதுமே அவர்களின் வாழ்க்கை.

1870களிலே பஞ்சம் வந்தது. கைப்பொருள் தீர்ந்தது. இலைகளையும் தண்ணீரையும் உண்டு காட்டில் கிடந்த நாட்களும் இருந்தன. 1874இல் தந்தை இறந்தார். தாயும் மூத்த சகோதரியும் அவரைத் தொடர்ந்தனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் கால்நடையாக அலைந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கிருந்த அறிஞர்கள் ரமாபாயின் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். ஆனால் அத்தனை விரதமும் தானமும் ஏன் பயன் தரவில்லை என்ற கேள்வி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த சைவச் சகோதரிகளுக்கு அருள் என்ற சொல் புதியதல்ல. கேளாமலே இறங்கி வரும் அருளைப் பற்றித் தமிழ்ப் பக்தி இலக்கியம் உருகி உருகிப் பேசியிருக்கிறது. ரமாபாயை வாட்டியது, இவ்வளவு செய்தால் இவ்வளவு கிடைக்கும் என்று கணக்கு வைக்கும் பக்தி. அது எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. கிறிஸ்தவரான பின்னரும் அது அவரை எளிதில் விடவில்லை.

1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு வங்காள வழக்கறிஞரான பிபின் பிஹாரி மேதாவியை ரமாபாய் சாதி கடந்து மணந்தார். 1882இல் வாந்திபேதி கணவரையும் கொண்டுபோயிற்று. கையிலே மனோரமா என்ற பச்சிளம் பெண் குழந்தை. அதே ஆண்டில் அரசாங்கத்தின் கல்வி ஆணைக்குழு முன் தோன்றி, இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் வைத்தியர்களும் தேவை என்று வலியுறுத்தினார். வைத்தியத் தொழிலில் இருக்கும் எம் போன்றோர் அவரை நன்றியோடு நினைக்க இதுவே போதும். தாமே வைத்தியம் படிக்க எண்ணி 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்து வந்ததால் அந்த எண்ணம் கைகூடவில்லை.

அங்கே வான்டேஜ் நகரத்துக் கன்னியர் அவரை ஆதரித்தனர். சமூகம் ஒதுக்கிய பெண்களை அக்கன்னியர் அன்போடு பராமரிப்பதை லண்டனிலே கண்டபோது அவர் மனம் அசைந்தது. கிணற்றடியிலே சமாரியப் பெண்ணுடன் இயேசு பேசிய சம்பவத்தை வாசித்தார். 1883 செப்டெம்பர் 29ஆம் திகதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். பின்பு அமெரிக்கா சென்று உதவி திரட்டி வந்து, 1889இல் பம்பாயிலே இளம் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற பாடசாலையைத் திறந்தார். மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் உத்தமமான கிறிஸ்தவர். ஆனால் உள்ளே சமாதானம் இல்லை. கிறிஸ்தவ சமயத்தை ஏற்றிருந்தேனே தவிர கிறிஸ்துவை அடையவில்லை என்ற கருத்தைப் பின்னாளில் அவரே எழுதினார். ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகளின் பின், வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலக் குருவானவரின் வாழ்க்கை வரலாறு அவர் கையில் கிடைத்தது. ஆலயப் பணியிலே மும்முரமாயிருந்தும் தமக்கே விசுவாசம் இல்லை என்று கண்டுகொண்டவர் அந்தக் குருவானவர். ரமாபாய் அதிலே தம்மையே கண்டார். வேதாகமத்தை மீண்டும் திறந்து வாசித்தார். இரட்சிப்பு கூலியாகக் கிடைப்பதல்ல, இலவசமாகத் தரப்படுவது, விசுவாசத்தோடு கையேந்திப் பெறுவது ஒன்றே மனிதர் செய்யக்கூடியது என்று தெளிந்தார். பெண்ணென்றோ சாதியென்றோ தகுதி கேட்காத கொடை அது. எதையும் கொண்டுவர முடியாதவர்களுக்கும் அது உண்டு என்பதே அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

இலவசமாகப் பெற்றவர் சும்மா இருந்துவிடுவார் என்று சிலர் அஞ்சுவதுண்டு. ரமாபாயின் வாழ்க்கை அதற்கு நல்ல பதில். 1896இல் மத்திய மாகாணங்களிலே பஞ்சம் வந்தபோது, தாமே பட்டினி கிடந்த நாட்களை எண்ணி அங்கு சென்றார். ஏறத்தாழ 300 சிறுமியரையும் பெண்களையும் அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கெட்காமிலே முக்தி என்ற இல்லம் எழுந்தது. கிணறுகள் வெட்டப்பட்டன. பெண்கள் நெசவும் தையலும் அச்சுக்கோப்பும் கற்றனர். சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் தனித்தனி இல்லங்கள் அமைந்தன. யாரும் ஏற்க மறுத்த பெண்களுக்காக அமைந்த இல்லத்துக்கு அவர் இட்ட பெயர் கிருபா சதன். எமது வேதாகமத்திலே கிருபை என்று வாசிக்கிறோமே, அதே சொல்தான்.

பிற்காலத்திலே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பாமரப் பெண்களுக்கும் விளங்கும் மராத்தியிலே வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1921இல் மகள் மனோரமா இறந்தார். அந்தத் துயரத்திலும் மொழிபெயர்ப்பை விடவில்லை. அதை நிறைவு செய்து 1922 ஏப்ரல் 5ஆம் திகதி கண்மூடினார்.

என் தொழிலிலே, யாருக்கும் தீங்கு நினைக்காத தமக்கு ஏன் இந்த நோய் என்று கேட்காத நோயாளர் குறைவு. கடைசி நாட்களிலே, போதுமான அளவு செய்துவிட்டேனா என்று கலங்குபவர்களும் பலர். மருந்துச் சீட்டிலே அதற்கு விடை எழுத முடியாது. ரமாபாயின் வாழ்க்கையை நினைத்துக்கொள்வேன்.

நூற்றாண்டு மலரென்றால் சாதனையாளர் பட்டியல் இருக்கும். இருக்கவும் வேண்டும். ஆனால் பரீட்சையில் தவறிப் படிப்பை நிறுத்தியவர்களும், 1983 ஜூலையில் சான்றிதழ்களைக்கூட எடுக்காமல் கொழும்பிலிருந்து கப்பலேறியவர்களும், பெற்றோரைப் பராமரித்தே இளமையைக் கழித்தவர்களும் எம் சகோதரிகளே. இம்மலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரொறன்ரோவிலும் அவர்கள் கைக்கும் போகும். பட்டியலில் பெயரில்லையே என்று யாரும் மனம் சோர வேண்டாம். கிருபா சதனின் வாசலிலே எவரிடமும் சான்றிதழ் கேட்கப்படவில்லை. ரமாபாய் தொடங்கிய முக்தி கெட்காமிலே இன்றும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்று வருகிறது.