திரையில் வழக்குரைத்தவர்

கீழ்க்கட்டளையில் பேருந்து ஏறி அண்ணா சாலைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் ஜெமினி மேம்பாலத்தை நன்கறிவர். அப்பெயருக்குக் காரணமான ஜெமினி ஸ்டூடியோ தோன்றுமுன் அவ்விடத்தில் வேறொரு படப்பிடிப்பு நிலையம் இருந்ததைப் பலர் அறியார். அதனை நடத்தியவர் இயக்குநர் கே. சுப்ரமணியம்.

1904-இல் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பிறந்த அவர் சட்டம் பயின்றவர். ஆயினும் ஊமைப்படக் காலத்திலேயே திரைத்துறை அவரை ஈர்த்துக் கொண்டது. 1934-இல் ‘பவளக்கொடி’யை இயக்கி எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் திரைக்கு அளித்தார். புராணக் கதைகளே பொருளீட்டித் தந்த காலம் அது. அவ்வழியே சென்றிருந்தால் அவருக்குத் தொல்லை ஏதும் நேர்ந்திராது.

அவரோ 1937-இல் ‘பாலயோகினி’யை எடுத்தார். கைம்பெண்ணின் துயரையும் சாதிக் கொடுமையையும் எடுத்துரைத்த அப்படத்தில், கைம்பெண் வேடத்திற்கு உண்மையிலேயே கணவனை இழந்த அந்தணப் பெண்ணொருவரை நடிக்கச் செய்தார். வைதிகர்கள் வெகுண்டு அவரைச் சாதியினின்று விலக்கினர். அவர் அஞ்சவில்லை. 1938-இல் ‘சேவாசதன’த்தின் வாயிலாக எம்.எஸ். சுப்புலட்சுமியை அறிமுகப்படுத்தினார்.

கல்கியின் கதையைக் கொண்டு அவர் இயக்கிய ‘தியாகபூமி’ 1939 மே மாதம் வெளிவந்தது. புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கலம் தந்ததால் ஊராரால் ஒதுக்கப்படுகிறார் சம்பு சாஸ்திரி. அவ்வேடத்தை ஏற்றவர் பாபநாசம் சிவன். சாஸ்திரியின் மகள் சாவித்திரியைக் கொடுமைப்படுத்திய கணவன், அவள் செல்வம் பெற்றபின் தன்னுடன் வாழ வேண்டுமென்று நீதிமன்றம் ஏறுகிறான். அவளோ வேண்டுமானால் தானே ஜீவனாம்சம் தருவதாகக் கூறி மறுக்கிறாள். பின் நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுகிறாள். கோயில், குடும்பம், நீதிமன்றம், அரசு ஆகிய நான்கு அதிகாரங்களையும் ஒரே படம் கேள்வி கேட்டது. படம் வெளிவந்த சில வாரங்களில், ஜூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அரிசன ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது.

படம் வெளிவந்தபோது சென்னையில் இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை ஆட்சியிலிருந்தது. போர் மூண்டபின் 1939 அக்டோபரில் அது பதவி துறந்தது. ஆட்சி ஆளுநர் கைக்குச் சென்றது. 1940-இல் ‘தியாகபூமி’ தடை செய்யப்பட்டது. தணிக்கையில் தேறி மக்கள் மாதக்கணக்கில் கண்டுகளித்த படம் அது. படம் மாறவில்லை, ஆண்டவர்களே மாறினர்.

அவர் பணியில் குறையே இல்லையா? உண்டு. ‘தியாகபூமி’யில் தாழ்த்தப்பட்டோர் அடைக்கலம் கேட்டு நிற்கின்றனர்; தியாகம் செய்யும் பெருமை அந்தணருக்கே வாய்க்கிறது. தம் கதையின் தலைவர்களாக அவர்கள் திரையில் நிற்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அவர்களைத் திரைக்குள் அழைத்து வந்ததற்கே சாதி விலக்கையும் அரசுத் தடையையும் ஏற்ற ஒருவரிடம், ஏன் இன்னும் செய்யவில்லை என்று மட்டும் கேட்பது நியாயமாகாது.

தீ விபத்துக்குள்ளான அவரது ஸ்டூடியோ ஏலத்திற்கு வந்தது. அதனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் ஜெமினி என்று பெயரிட்டார். திரைத்துறைச் சங்கங்களை வளர்ப்பதிலும் உழைத்த சுப்ரமணியம் 1971-இல் மறைந்தார். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அவர்தம் மகளாவார்.

மேம்பாலம் ஜெமினியின் பெயரைச் சுமந்து நிற்கிறது. அடுத்த முறை அதனைக் கடக்கையில், முன்னவர் பெயரையும் ஒரு கணம் நினைப்போம்; இன்றைய திரையில் இன்னும் வாய் திறவாதோர் யாரென்றும் எண்ணிப் பார்ப்போம்.