தொலைந்த ஊர்களைத் தேடிய பேராசிரியர்

பைபிளில் நூற்றுக்கணக்கான ஊர்களின் பெயர்கள் வருகின்றன. ஜெருசலேம், பெத்லகேம் போன்ற ஊர்களை எல்லாரும் அறிவார்கள். ஆனால் மற்ற ஊர்கள் எங்கே இருந்தன? 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு அறிஞர்களாலேயே பதில் சொல்ல முடியவில்லை. போர்களில் பல ஊர்கள் அழிந்தன. சில ஊர்களுக்கு, வென்றவர்கள் வேறு பெயர் சூட்டிவிட்டார்கள்.

அந்த ஊர்களைத் தேடிப் புறப்பட்டார் ஒருவர். அவர் பெயர் எட்வர்டு ராபின்சன்.

இளமை

ராபின்சன் 1794-ம் ஆண்டு அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சவுதிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாதிரியார். பயிர்த்தொழிலும் செய்து வந்தார்.

1818-ல் ராபின்சனுக்குத் திருமணம் நடந்தது. மறு ஆண்டே மனைவி இறந்து போனார். அதன் பிறகு படிப்பே அவருக்குத் துணை ஆயிற்று. எபிரேய மொழியைக் கற்றார். 1826-ல் ஜெர்மனிக்குப் போய், பெரிய அறிஞர்களிடம் மொழிகளையும் பூகோளத்தையும் படித்தார். அங்கே தெரேசா என்ற எழுத்தாளரை மணந்தார்.

1837-ல் நியூயார்க் நகரில் யூனியன் இறையியல் கல்லூரி அவரைப் பேராசிரியர் வேலைக்கு அழைத்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் பாலஸ்தீனத்தைப் பார்த்து வரவேண்டும். அதன் பிறகுதான் வேலை. கல்லூரி சம்மதித்தது.

ஒட்டகப் பயணம்

ராபின்சனுக்கு ஒரு துணைவர் கிடைத்தார். அவர் எலை ஸ்மித். ஒரு காலத்தில் ராபின்சனிடம் படித்தவர். பெய்ரூட் நகரில் பாதிரியாராக இருந்தார். அரபு மொழியை நன்றாகப் பேசுவார்.

1838-ம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் கெய்ரோ நகரிலிருந்து புறப்பட்டார்கள். ஒட்டகத்தில் ஏறி, சினாய் பாலைவனத்தைக் கடந்து, ஏப்ரல் மாதம் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களிடம் திசைகாட்டியும், தூரத்தை அளக்கும் நாடாவும், பைபிளும் இருந்தன.

அதற்கு முன் வந்த யாத்ரீகர்கள் மடங்களில் தங்கினார்கள். துறவிகள் காட்டிய இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ராபின்சன் அப்படிச் செய்யவில்லை. உழவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் தேடிப் போனார்.

அதற்குக் காரணம் உண்டு. எபிரேயமும் அரபும் உறவு மொழிகள். ஆட்சி மாறினாலும், மக்கள் வாயில் பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பெத்செயான் என்ற ஊருக்குக் கிரேக்கர்கள் சிதோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மறைந்துவிட்டது. மக்கள் அந்த ஊரை பெய்சான் என்றே அழைத்து வந்தார்கள்.

கேள்வி கேட்பதிலும் இருவரும் கவனமாக இருந்தார்கள். இதுதானா அந்த ஊர் என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று கிராமத்தார் ஆமாம் சொல்லிவிடலாம். ஆகையால் பெயரை இவர்கள் முதலில் சொல்வதில்லை. அவர்கள் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

பெத்தேல் கிடைத்தது

பெத்தேல் என்பது பைபிளில் புகழ்பெற்ற ஊர். யாக்கோபு ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கியபோது, வானத்தைத் தொடும் ஏணியைக் கனவில் கண்ட இடம் அது.

மே மாதத் தொடக்கத்தில் இருவரும் ஜெருசலேமுக்கு வடக்கே போனார்கள். ஓரிடத்தில் இடிந்த சுவர்களும், வறண்டு போன பெரிய குளமும் கிடந்தன. அந்தப் பக்கத்து மக்கள் அதை பெய்தின் என்றார்கள். ஜெருசலேமிலிருந்து பெத்தேல் 12 ரோமானிய மைல் என்று பழைய நூல்கள் கூறின. அந்தத் தூரமும் பொருந்தியது. தொலைந்த பெத்தேல் இதுவே என்று ராபின்சன் முடிவு செய்தார். இன்றும் பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கிறார்கள்.

அதே பயணத்தில் அனாதா என்ற சிற்றூரைக் கண்டார். அது எரேமியா தீர்க்கதரிசியின் ஊரான ஆனதோத். முக்மாஸ் என்ற ஊர் பழைய மிக்மாஸ். எல்-ஜிப் என்ற ஊர் பழைய கிபியோன். படித்தவர்கள் மறந்ததை, ஏர் பிடித்தவர்கள் மறக்கவில்லை!

1841-ல் ராபின்சன் தம் ஆராய்ச்சியை மூன்று பாகங்களாக வெளியிட்டார். மறு ஆண்டு லண்டனில் உள்ள ராயல் பூகோளச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

காலடியில் இருந்த நகரம்

1852-ல் அவர் மீண்டும் பாலஸ்தீனம் சென்றார். மெகிதோ என்ற பெரிய நகரைத் தேடினார். ஓர் உயரமான மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தார். நகரம் அமைய நல்ல இடம்தான். ஆனால் நகரம் இருந்த அடையாளமே இல்லை என்று எண்ணினார். அருகில் இருந்த லெஜ்ஜூன் என்ற இடமே மெகிதோ என்று எழுதினார்.

உண்மையில் அவர் நின்ற மேடுதான் மெகிதோ! ஊர் அழிந்த இடத்திலேயே மறுபடியும் ஊர் கட்டிக் கட்டி, அது மேடாக உயர்ந்திருந்தது. இத்தகைய மேடுகளின் ரகசியம் அன்று தெரியாது. 1890-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்பவர் வேறொரு மேட்டைத் தோண்டியபோதுதான் அது விளங்கியது. பிறகு மெகிதோ மேட்டையும் தோண்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, 20-க்கும் அதிகமான குடியிருப்பு அடுக்குகள் வெளிப்பட்டன.

இதைப் பார்க்க ராபின்சன் உயிரோடு இல்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை மங்கியது. எழுதிக்கொண்டிருந்த நூல் முடியாமலே, 1863-ல் நியூயார்க் நகரில் காலமானார்.

மெகிதோவில் அவர் தவறினார். ஆனால் அவர் நம்பிய வழி தவறவில்லை. 1956-ல் எல்-ஜிப் ஊரில் தோண்டத் தொடங்கினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. அவற்றில் எபிரேய எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர் செதுக்கியிருந்தது. அந்தப் பெயர் கிபியோன்!